இரண்டாவது ஆணி

இரும்புத் தூளைச் சலிக்க மாவுச் சல்லடைதான் சரி. ஆய்வகத்துக்கென்று கடையில் விற்பதெல்லாம் பேருக்குத்தான். என் மனைவியின் சல்லடைகள் இரண்டைப் பாழாக்கிய பிறகுதான் இதைக் கற்றுக்கொண்டேன். மூன்றாவதை அவளே கொண்டுவந்து நீட்டினாள். "இதையும் எடுத்துட்டுப் போங்க. இனிமே மாவைக் கையால பொறுக்கிக்கறேன்," என்றாள். அப்போதெல்லாம் என்னிடம் அப்படிப் பேசுவாள்.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள், ஐயா. எனக்கு ஆரம்பம் அந்தத் தூள்தான்.

நான் அருங்காட்சியகத்தின் பட்டறை மேஸ்திரி. இருபத்தாறு வருஷமாக அங்கே ஓடாத கடிகாரங்களை ஓட வைக்கிறேன், ஆடாத தராசுகளை ஆட வைக்கிறேன். ஒருநாள் எங்கள் இயக்குநர் அம்மா கூப்பிட்டு, கம்பியில்லாத் தந்தி முதன்முதலில் வந்த காலத்துக் கருவியை அப்படியே செய்ய வேண்டும் என்றார். கண்ணாடிப் பெட்டிக்குள் தூங்கும் பொம்மையாக இருக்கக் கூடாதாம். உண்மையிலேயே செய்தி அனுப்ப வேண்டுமாம். கையில் கொடுத்தது மங்கிப்போன இரண்டு புகைப்படங்களும் ஒரு வரைபடமும். பதினான்கு மாதத்தில் செய்து முடித்தேன்.

அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். அனுப்பும் அறையில் 'காயில்' என்கிற பெரிய கம்பிச்சுருள். அதற்கான கம்பியை நான் ஒருவனே சுற்றினேன். காயிலோடு இணைந்த இரண்டு பித்தளைக் குண்டுகள், நடுவே சுண்டுவிரல் இடைவெளி. தட்டுச்சாவியை அழுத்தினால் அந்த இடைவெளியில் பொறி பாயும், காற்றில் அலை கிளம்பும். முற்றத்துக்கு அப்பால் உள்ள வாங்கும் அறையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய். அதில் நான் சலித்த தூள். அலை பட்டதும் தூள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மின்சாரம் ஓடும், ஓடுகிற காகித நாடாவில் பேனா மை இழுக்கும். ஒட்டின தூள் தானாகப் பிரியாது. ஒரு குட்டிச் சுத்தியல் குழாயைத் தட்டிப் பிரித்துவிட வேண்டும். அந்தச் சுத்தியலுக்கு மட்டும் ஐந்து வாரம் ஆயிற்று.

எல்லாம் தயார். ஆனால் தட்டுவதற்கு ஆள் வேண்டுமே. எனக்குப் புள்ளியும் கோடுமான அந்தத் தந்திக்குறிகள் தெரியாது. தந்தி ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரை இயக்குநர் அம்மா தேடிப் பிடித்தார். தந்திக்காரர் என்றே எல்லோரும் கூப்பிட்டோம். நல்ல உயரம், வெளுத்த சட்டை, எப்போதும் சிரித்த முகம். வந்தவர் சாவியை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "பிரமாதமா பண்ணியிருக்கீங்க மேஸ்திரி. சாவிதான் கொஞ்சம் கனம். பரவால்ல, பழகிடும்," என்றார். அந்தப் 'பரவால்ல' எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு நான்தான் அவரை வீட்டுக்கு அழைத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை. சாப்பிடும்போது விளையாட்டாக டம்ளரில் கரண்டியால் ஏதோ தட்டினார். என் மனைவி எதிரே நின்றபடி, விரல் முட்டியால் மேஜையில் பதில் தட்டினாள். அவர் அசந்துபோய் எழுந்தே விட்டார். "யாரும்மா நீ? இது எங்க பழைய மாஸ்டர் கை ஆச்சே. அப்படியே இருக்கு," என்றார். அவருடைய பழைய மாஸ்டர் என் மாமனார். அவரிடம்தான் இவர் தொழில் கற்றாராம். தந்திக்காரர்களுக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு கை உண்டாம், ஐயா. குரலைப் போல. தட்டுவதைக் கேட்டே ஆள் யார் என்று சொல்லிவிடுவார்களாம்.

அவர் போனபின் அவளைக் கேட்டேன். "உனக்கு இது தெரியும்னு என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கலையே," என்றாள். "அப்பா சின்ன வயசுல சொல்லிக் கொடுத்தது. யார்கிட்ட தட்டுறது, இந்தச் சுவத்துகிட்டயா?"

"அவரு என்ன தட்டினாரு?"

"தண்ணி கேட்டாரு."

"அதை வாயால கேட்டா என்ன?"

அதற்குச் சிரித்தாள். பத்தொன்பது வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறோம். அவளிடம் எனக்குத் தெரியாத ஒரு பாஷை இருந்திருக்கிறது. வந்த அன்றே அவருக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் பொறாமை என்று எழுதுகிறீர்கள், தெரிகிறது. எழுதிக்கொள்ளுங்கள். வயிறு எரிந்தது என்று எழுதினால் இன்னும் சரியாக இருக்கும்.

விஷயம் தெரிந்ததும் இயக்குநர் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். வாங்கும் அறைக்கு அவளையே உட்கார வைத்துவிட்டார். இந்தப் பக்கம் அவர் தட்டுவார், அந்தப் பக்கம் அவள் படிப்பாள். நடுவில் இருக்கும் காயிலும் குண்டும் குழாயும் தூளும் என்னுடையவை. வீட்டைக் கட்டினவனை வாசலில் செருப்புக்குக் காவல் வைத்தது போல நான் நின்றேன். ஒத்திகை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் அவள் விரல்கள் எதையாவது தட்டிக்கொண்டே இருக்கும். அவர் வாரத்தில் இரண்டு மாலை வருவார். "அண்ணா" என்று கூப்பிடுவாள். வாய் அண்ணா என்று சொல்லும், விரல் என்ன சொல்கிறது என்று யார் கண்டது?

ஆகவே நான் கற்றுக்கொண்டேன். பழைய புத்தகக் கடையில் ஒரு கையேடு கிடைத்தது. யாருக்கும் சொல்லவில்லை. காலையில் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு வாளி விளிம்பில் தட்டிப் பழகுவேன். நான்கு மாதத்தில் தட்ட வந்துவிட்டது. காதால் கேட்டுப் புரிந்துகொள்ளத்தான் வரவில்லை. அவர்கள் வேகத்துக்கு என்னால் ஓட முடியவில்லை. நாலு எழுத்தில் ஒன்று பிடிபடும். பிடிபட்ட அந்த ஒன்று, பிடிபடாத மூன்றைப் பற்றி என்னை இரவெல்லாம் யோசிக்க வைக்கும்.

ஒரு மாலை நான் வேலை முடிந்து சீக்கிரம் வந்தேன். ஜன்னல் வழியே பார்த்தேன். அவள் கரண்டியால் தட்டிலே எதையோ தட்டிக் காட்டுகிறாள். விந்தி விந்தி நடப்பது போல ஒரு தாளம். அவருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். அந்தத் தாளத்தை எங்கோ கேட்டது போல இருந்தது, எங்கே என்று பிடிபடவில்லை. நான் உள்ளே நுழைந்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். இருவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டார்கள். பேச்சு என்னைப் பற்றித்தான் என்று நினைத்தேன். அன்றைக்கு முடிவு செய்தேன். கோபத்தில் செய்யவில்லை, ஐயா. மறுநாள் வழக்கம்போல ஏழு மணிக்கே பட்டறையைத் திறந்தேன்.

இப்போது ஆணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். காயிலுக்கு மின்சாரம் போகும் வழியில் ஒரு துளை வைத்திருந்தேன். அதில் விரல் நீளப் பித்தளை ஆணியைச் செருகினால்தான் சாவி வேலை செய்யும். குண்டுகளில் அடிக்கடி கரி படியும், துடைக்க வேண்டும். துடைக்கப் போகிறவர் ஆணியைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு "ஆணி பையில்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். அறையில் இருப்பவர் "பார்த்தேன்" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் குண்டில் கை வைக்கலாம். இந்த விதியைப் போட்டவன் நான். என் பட்டறையில் இதுவரை யாருக்கும் விரல்கூடப் போனதில்லை. கடைசல் எந்திரத்தில் எதைச் செய்தாலும் இரண்டாகச் செய்வதும் என் வழக்கம், ஒன்று தொலைந்தால் மற்றது உதவட்டுமே என்று. அந்த இரண்டாவது ஆணி என் மேஜை இழுப்பறையில் கிடந்தது.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குக் கடைசி ஒத்திகை. அனுப்ப வேண்டியது இதுதான்: 'கேட்கிறதா. தெளிவாகக் கேட்கிறதா. பதில் சொல்லவும்.' கருவி ஒருவழிதான் என்பதால், முழுதும் கிடைத்ததும் அவள் முற்றத்துக்கு வந்து கைக்குட்டையை ஆட்ட வேண்டும். எனக்கு மொட்டைமாடியில் ஏரியல் கம்பியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. முதல் சொல் போனதும் பொறியின் சத்தம் மங்கியது. அவர் 'பொறுக்கவும்' என்ற குறியைத் தட்டிவிட்டு நிறுத்தினார். நான் படியிறங்கி வந்தேன்.

"மேஸ்திரி, உங்க மிஷின் பேசுதுங்க," என்றார் என்னைப் பார்த்ததும். ஆணியைப் பிடுங்கிப் பையில் போட்டார். உப்புத்தாளை எடுத்துக்கொண்டு சாவிக்கு முதுகு காட்டித் திரும்பினார்.

"ஆணி பையில்," என்றார்.

"பார்த்தேன்," என்றேன்.

தேய்த்து முடித்ததும் இரண்டு குண்டுகளையும் வெறும் உள்ளங்கையால் ஒருசேரத் தடவிப் பார்ப்பது அவர் வழக்கம். அப்படிச் செய்யாதீர்கள் என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். மூன்றாவது முறை சொல்லவில்லை. பையில் கொண்டுவந்திருந்த என் இரண்டாவது ஆணியைச் செருகிச் சாவியை அழுத்தினேன். இருபது எண்ணும் வரை அழுத்தியிருப்பேன். கை இரண்டும் குண்டுகள் மேல் இருக்கும்போது இடைவெளியில் பொறி பாயாது. பொறி இல்லாவிட்டால் அலை இல்லை, அலை இல்லாவிட்டால் நாடாவில் ஒன்றும் விழாது. அவர் செத்துப்போனது அந்த நாடாவில் ஆறு முழ வெறும் காகிதமாக இருக்கிறது. போய்ப் பாருங்கள்.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து மிச்சச் செய்தியை நானே அனுப்பினேன். 'தெளிவாகக் கேட்கிறதா. பதில் சொல்லவும்.' அவர் என் காலடியில் கிடந்தார். நான் ஒரு எழுத்துகூடத் தப்பாகத் தட்டவில்லை. பார்ப்பவர்கள் போடப்போகும் கணக்கு எளிது: துடைத்து முடித்து, ஆணியை மறுபடி செருகி, செய்தியை முழுதும் அனுப்பிய பிறகு, ஆணியைப் பிடுங்க மறந்து குண்டைத் தொட்டுவிட்டார். நாடாவே சாட்சி. எனக்குத்தான் தட்டவே தெரியாதே. என் ஆணியை எடுத்துக்கொண்டு, அவர் பையில் இருந்ததை எடுத்துத் துளையில் செருகிவிட்டு மாடிக்குப் போனேன்.

அவள் முற்றத்துக்கு வந்தாள். நாடா ஒரு கையில், கைக்குட்டை மறு கையில். அனுப்பும் அறையின் ஜன்னலை அவள் பார்க்கவே இல்லை. நேராக அண்ணாந்து மாடியில் என்னைத் தேடினாள். தேடிப் பிடித்து, முகமெல்லாம் சிரிப்பாகக் கைக்குட்டையை ஆட்டினாள். கல்யாணமான புதிதில்கூட அவள் அப்படிச் சிரித்ததில்லை. நானும் கையை ஆட்டினேன்.

மற்றது உங்களுக்குத் தெரியும். அஜாக்கிரதை என்று எல்லோரும் சொன்னார்கள். இயக்குநர் அம்மா அழுதார். அவள் மட்டும் இரண்டு நாள் சாப்பாட்டு மேஜையில் நாடாவை விரித்து வைத்துக்கொண்டு, விரலால் தடவித் தடவிப் படித்தாள். மூன்றாம் நாள் எழுந்து உங்களிடம் வந்துவிட்டாள்.

அவள் சொன்னதை நீங்கள் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். "முன்பாதி அண்ணன் கை. பின்பாதி என் வீட்டுக்காரர் கை. கோடு போடறதுக்கு முன்னாடி ஒரு நொடி நிப்பாரு, கடைசல்காரர் வெட்டறதுக்கு முன்னாடி நிக்கற மாதிரி. நாலு மாசமா குளியலறைல கேட்டுட்டிருக்கேன். எனக்காகத்தான் கத்துக்கறாருன்னு நெனச்சேன். அவரா சொல்லட்டும்னு இருந்தேன். அண்ணன்கிட்ட மட்டும் தட்டிக் காட்டினேன், ரெண்டு பேரும் சிரிச்சோம். அன்னிக்கு நாடாவுல அந்தக் கையைப் பார்த்ததும், சொல்லிட்டாருன்னு ஓடி வந்தேன். கூச்சத்துல மறுபடி மாடிக்கு ஏறியிருப்பாருன்னு அங்கேயே தேடினேன்."

படித்துவிட்டுக் காகிதத்தை மடித்து வைத்தீர்கள், ஐயா. எனக்கு எதிராக அதைவிட வேறு சாட்சி வேண்டாம் என்றீர்கள். சரிதான். ஆமாம், கொன்றவன் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவர்கள் என்னைப் பற்றித்தான் பேசினார்கள் என்று நான் நினைத்ததில் தப்பு இல்லை, பார்த்தீர்களா? அந்த விந்தல் தாளம் என்னுடையதுதான்.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். முற்றத்தில் அவள் சிரித்தாளே, அது என் கையை அடையாளம் கண்டு சிரித்த சிரிப்பு. நாடாவில் அவர் கையும் இருந்தது. அதைப் பார்த்து அவள் சிரிக்கவில்லை.