டாக்டரம்மா திருப்பிக் கொடுத்த கேடயம்

தலைமை ஏற்றிருக்கும் நகரமன்றத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் டாக்டரம்மாவின் கணவர் அவர்களே, அவருடைய அருமை மகளே, எங்கள் ஆய்வகத் தோழர்களே, தெருக்குழிகளின் மூடியை எங்களுக்காகத் திறந்து தந்த துப்புரவுத் தோழர்களே, திறந்தபோதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோன ஊர்ப் பெருமக்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு மேடை பழக்கமில்லை. இதுவரை நான் பேசியதெல்லாம் கண்ணாடிக் குப்பிகளோடுதான். அவை பாதியில் எழுந்து போவதில்லை. அதனால் எழுதிக்கொண்டு வந்து படிக்கிறேன். குறையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று காலை எங்கள் கருவி ஒரு முடிவைக் காட்டியிருக்கிறது. மங்கலான முடிவு. அதை டாக்டரம்மாவின் மறைவுக்காகக் கூடிய இடத்தில் சொல்லலாமா, மறுபடி சோதித்துவிட்டுச் சொல்லலாமா என்று தலைவரைக் கேட்டேன். "இப்ப நீங்கதான் பொறுப்பு, நீங்களே பாத்துச் செய்யுங்க" என்றார். எனக்கு இன்னும் துணிவு வரவில்லை. யாரும் பதற வேண்டாம். டாக்டரம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டே வருகிறேன். பேசி முடிப்பதற்குள் துணிவு வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை.

யார் அவர்? மருத்துவமனையில் நாடி பிடித்த டாக்டரா? இல்லை. ஊருக்கே நாடி பிடித்த டாக்டர்! நோயாளி மருத்துவமனைக்கு வருவதற்கு முன்பே அவருடைய நோய்க்கிருமி கழிவறை வழியாகச் சாக்கடைக்கு வந்துவிடுகிறது. அந்தக் கழிவுநீரில் ஒரு புட்டி எடுத்துச் சோதித்தால், எந்தத் தெருவில் எந்தக் காய்ச்சல் தலைதூக்குகிறது என்று முன்கூட்டியே தெரியும். இதுதான் அவர் செய்த வேலை. இன்று ஒரு நாட்டில் ஒருவர் இருமினால், நாளை விமானம் ஏறி அந்த இருமல் நம் வாசலுக்கு வந்துவிடுகிறது. வாசலில் ஒரு காவல் வேண்டாமா? அந்தக் காவல்தான் டாக்டரம்மா.

பிள்ளைகள் அவரைச் "சாக்கடை டாக்டர்" என்பார்கள். அவருக்கு அதில் வருத்தமே கிடையாது. மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், "அம்மா என்ன வேலை பாக்குறாங்க?" என்று கேட்டபோது, இதோ இருக்கிறாரே இந்த மகள், "ஊரு சாப்பிட்டதையெல்லாம் மறுநாள் படிச்சுப் பாக்குறாங்க" என்று சொல்லிவிட்டார். வந்தவர்கள் கையிலிருந்த பலகாரத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார்கள்! கணவர் மட்டும் சளைத்தவரா? மாலையில் டாக்டரம்மா வாசலில் கால் வைத்ததும், "முதல்ல குளி, அப்புறம் குடும்பம்" என்பார். இருபக்கமும் சிரிப்புதான்.

வயதில் நான் மூத்தவன், பதவியில் அவர். எனக்கு அவர் டாக்டரம்மா. அவருக்கு நான் அண்ணன். எதையும் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பவன் நான். பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். "அண்ணே, கதவு உங்களைப் பாத்துப் பயப்படுது" என்பார். ஆனால், என் சந்தேகத்தை ஒருநாளும் அவர் தள்ளியதில்லை.

இப்போது அந்தக் கேடயத்தின் கதைக்கு வருகிறேன்.

குழந்தைகளைத் தாக்கும் அந்தக் காய்ச்சல் வெளிநாடுகளில் பரவிய ஆண்டு உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் ஆய்வகத் தெருக் குழியில் அந்தக் கிருமி தெரிந்தது. டாக்டரம்மா உடனே அறிவித்தார். பள்ளிகள் மூடப்பட்டன. கடைவீதி வெறிச்சோடியது. முனையிலுள்ள ரொட்டிக்கடைக்காரர், சுட்ட ரொட்டியையெல்லாம் நாய்களுக்குப் போட்டார். இதே கூட்டத்தில் இருக்கிறார், அவர் அனுமதியோடு சொல்கிறேன். டாக்டரம்மாவைப் பார்க்கும்போதெல்லாம், "சாக்கடைத் தண்ணிய நம்பி என் அடுப்ப அணைச்சிட்டியேம்மா" என்று சத்தம் போடுவார்.

ஒரு குழந்தைக்கும் காய்ச்சல் வரவில்லை. ஊர் என்ன நினைத்தது? முன்னெச்சரிக்கையால் தப்பித்தோம் என்று நினைத்தது. பாராட்டுக் கூட்டம் நடந்தது. பளபளவென்று ஒரு கேடயம் கொடுத்தார்கள்.

எனக்கு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. மற்ற குழிகளில் ஏன் ஒன்றுமே இல்லை? கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக, அந்தக் கிருமியின் உயிரற்ற துணுக்கைச் சிறு குப்பியில் நாங்களே வைத்திருப்போம். அது யாருக்கும் நோய் தராது. ஆனால், கருவிக்கு அதுவும் கிருமிதான். சோதனை முடிந்ததும் மிச்சத்தை எங்கள் கைகழுவும் தொட்டியில் கொட்டுவோம். அந்தத் தொட்டியின் குழாய் முன்பு வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. கட்டடத்தைப் பழுதுபார்த்தபோது அதைத் தெருக்குழாயோடு சேர்த்துவிட்டார்கள். தொட்டியில் வண்ணப்பொடியைக் கரைத்து ஊற்றிவிட்டு, தெருக்குழியின் மூடியைத் திறந்து பார்த்தேன். நீலநிறம் வந்தது. மறுபடி ஊற்றினேன். மறுபடியும் நீலம்.

ஆம் நண்பர்களே! நாங்கள் கொட்டியதை நாங்களே அள்ளி, நாங்களே கண்டுபிடித்து, ஊரையும் மூடியிருக்கிறோம்!

டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவரே வந்து நீலத்தை எட்டிப் பார்த்தார். பிறகு, "நல்லவேளை, நீங்க சந்தேகப்பட்டீங்க அண்ணே" என்றார். பக்கத்திலிருந்த ஒருவர், "குழாய்க்காரர் செஞ்ச தப்புன்னு சொல்லிடலாம்மா" என்றார். "குப்பியக் கவுத்தது குழாய்க்காரரா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

எண்ணிப் பாருங்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வேண்டிய சிரமம்கூட அவருக்கு இல்லை. ஊரே மறைத்து, கேடயமும் கொடுத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். இருந்தாரா? இல்லை! இதே மண்டபத்தில், இதே மேடையில், கேடயத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "வந்தது நோய் இல்ல, எங்க தொட்டித் தண்ணி. தப்பு என்னோடது. பள்ளிக்கூடம் போகாத பிள்ளைங்ககிட்டயும், அடுப்ப அணைச்சவங்ககிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்" என்றார். அன்று எத்தனை ஏச்சு! எத்தனை கேலி! "இனிமே உன் பேச்சக் கேட்டா என்னைக் கேளு" என்று எழுந்து போனவர்களும் இங்கே இருக்கிறார்கள். கேடயத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஆளில்லை. அது இன்றும் எங்கள் ஆய்வகத்தில், கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் முட்டுக்கொடுத்துக் கிடக்கிறது.

அதோடு நிற்கவில்லை. இதே வேலையைச் செய்யும் மற்ற நாட்டு ஆய்வகங்களுக்கெல்லாம் தன் தவற்றை விவரமாக எழுதினார். பல இடங்களிலிருந்து பதில் வந்தது. ஒரு பதிலைப் படித்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "நாங்களும் எங்கள் தொட்டியைப் பார்த்தோம். நாங்களும் எங்களையேதான் பிடித்து வைத்திருக்கிறோம்" என்று எழுதியிருந்தார்கள். உலகம் முழுவதும் எத்தனை தொட்டிகள் அதற்குப் பிறகு திருத்தப்பட்டன என்று எனக்குத் தெரியாது. கணக்கு வைக்க அவர் விடவில்லை.

பிறகு ஓர் ஆண்டு, அந்தக் காய்ச்சல் உண்மையாகவே வந்தது. பல குழிகளில் தெரிந்தது. அறிவித்தோம். ஒருமுறை சூடுபட்ட ஊர் நம்புமா? முதலில் கடையடைத்தவர் யார் தெரியுமா? ரொட்டிக்கடைக்காரர்! ஏன் என்று கேட்டவர்களிடம் அவர் சொன்னாராம்: "அந்தம்மா தப்புன்னா தப்புன்னு சொல்ற ஆளு. அப்ப, இருக்குன்னு சொன்னா இருக்கு." மற்ற ஊர்களில் சிறு பிள்ளைகளைப் பறிகொடுத்தார்கள். நம் ஊரில் எல்லாப் பிள்ளைகளும் பிழைத்தார்கள். கண்டுபிடித்தது கருவிதான், மறுக்கவில்லை. ஆனால் காப்பாற்றியது அந்த ஒரு நம்பிக்கை.

அதற்குப் பிறகு நீங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டே நின்று பேசத் தொடங்கினீர்கள். "டாக்டரம்மா, இன்னிக்கு நம்ம தெரு எப்படி இருக்கு?" என்பீர்கள். "நல்லா இருக்கு. யாரோ நெறைய பீட்ரூட் சாப்பிட்டிருக்காங்க" என்பார். தெருவே சிரிக்கும். கடைசியாக மருத்துவமனையில் பார்க்கப் போனபோது, மூச்சு வாங்கிக்கொண்டே என்னிடம் கேட்டது என்ன? தன் உடம்பைப் பற்றியா? "இன்னிக்குத் தண்ணி எடுத்தாச்சா அண்ணே?"

எடுத்தோம் அம்மா. நீங்கள் இல்லாத இந்த வாரமும் எடுத்தோம்.

ஐயா, தலைவர் அவர்களே, சொல்லிவிடுகிறேன். இன்று காலை ரொட்டிக்கடை முனைக் குழியில் அந்தக் காய்ச்சலின் அடையாளம் மங்கலாகத் தெரிந்தது. மற்ற குழிகளில் இல்லை. எங்கள் தொட்டியைப் பார்த்தேன். குழாயைப் பார்த்தேன். நீலப்பொடியும் ஊற்றிப் பார்த்தேன். எங்களிடமிருந்து வந்ததல்ல. ஆனாலும், நான் தவறாக இருக்கலாம். நாளை காலை மறுபடி எடுப்போம். அதுவரை எதையும் மூட வேண்டாம். காய்ச்சலுள்ள பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காய்ச்சலுக்கான தடுப்பூசி விட்டுப்போன பிள்ளைக்கு நாளையே போட்டுவிடுங்கள். இவ்வளவுதான் கேட்கிறேன்.

ரொட்டிக்கடைக்காரரே, உங்கள் கடை முனையாகப் போனதற்கு வருந்துகிறேன். தலையசைக்கிறீர்கள். நன்றி.

டாக்டரம்மாவுக்குச் சிலை வைப்பேன் என்று நான் வாக்குத் தரவில்லை. அதற்கெல்லாம் என்னால் ஆகாது. என்னால் ஆவது இது ஒன்றுதான். நாளைய முடிவு எதுவானாலும் உங்களுக்குச் சொல்வேன். நான் சொன்னது தவறென்று தெரிந்தால், இதே இடத்தில் நின்று, தவறு என்னுடையது என்பேன். குரல் நடுங்கும். நடுங்கினாலும் சொல்வேன்.

விடிந்ததும் மூடியைத் திறக்க வருவோம். வழக்கம்போல மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள். ஆனால் பேசாமல் கடந்துபோய்விடாதீர்கள். நின்று, நம்ம தெரு எப்படி இருக்கு என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அவரைப்போல வேடிக்கையாக எனக்குப் பதில் சொல்ல வராது. உண்மையைச் சொல்வேன்.