நல்லி எலும்பு உறிஞ்சிய தம்பி

கோரிப்பாளையம் போகிற டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஓர் அக்காளும் தம்பியும். அக்காளுக்கு முகம் சோகை பிடித்து வெளுத்திருந்தது. நான் ஒட்டுக் கேட்கிறவள் இல்லை. தானாகக் காதில் விழுந்தது.

"ஒரு மாசமா ஆட்டு நல்லி எலும்பா உறிஞ்சுறேன்க்கா. ஒனக்குக் குடுக்க மஜ்ஜை நெறைய வேணும்ல?"

"கிறுக்குப்பயலே, அம்புட்டும் ஒன் தொப்பைக்குத்தான் போயிருக்கு. எனக்கு வேணாம்டா. நீ மூட்டை தூக்குறவன். எலும்புக்குள்ள இருக்குறத எடுத்துட்டா ஒன் பிள்ளைகளுக்கு யாரு சோறு போடுறது?"

"கொஞ்சந்தான் எடுப்பாக. எனக்குத் திரும்ப ஊறிக்கிரும். அது தாய் செல்லுன்னு டாக்டரு சொன்னாருல்ல? ஒன் எலும்புல போயி ஒக்காந்துச்சுன்னா செவப்பணு, வெள்ளையணு எல்லாம் அதுலயிருந்தே பொறக்குமாம்."

"ஒக்காரலைன்னா?"

தம்பி அவள் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தான்.

"ஒக்காரும்க்கா. ஒங்கிட்ட அடி வாங்கி வளந்த ஒடம்புல ஊறுனது, ஒன் பேச்சத் தட்டுமா?"

அக்காள் வாய்விட்டுச் சிரித்தாள். பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் இறங்க எழுந்தார்கள். தம்பி தயங்கி அவள் முகத்தையே பார்த்தான்.

"எந்திரிடா! சம்மதம்னு சொல்லணும், டாக்டரு கெளம்பிறப் போறாரு" என்று அவனைத் தள்ளிக்கொண்டு முன்னால் இறங்கினாள்.