தூக்கத்தில் ஆடும் தலை

1946 மார்ச் 9, சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி இருபது நிமிடம். ஒரு மேகமும் இல்லாத வெயில். அரியலூரில் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். என்னை அடுத்து, கத்தோலிக்கக் குருமடத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட ஓர் இளைஞனும் அவன் தகப்பனும் உட்கார்ந்தார்கள்.

“இருபது வயசுலயும் தூக்கத்துல தலைய முட்டிக்கிட்டிருந்தா எவன்டா வச்சுக்குவான்?”

“கட்டிலோட சேத்துக் கட்டிக்கிட்டும் படுத்தேன்ப்பா. கட்டிலே ஆடுச்சாம். கூடப் படுத்திருந்த பதினோரு பேருக்குத் தூக்கம் போச்சாம்.”

“தலையாட்டம் நின்னா உன்னைச் சாமியாரா விடறேன்னு உங்கம்மா மாதாகிட்ட நேந்துகிட்டா. நின்னுருச்சுன்னுதானே அனுப்புனா?”

“நின்னுச்சா இல்லையான்னு எனக்கு எப்படிப்பா தெரியும்? நான் தூங்கிக்கிட்டுல்ல இருந்தேன்.”

“அப்ப அவளுக்கும் தெரியலையா?”

“தெரியும்ப்பா. செவுத்துக்கும் என் தலைக்கும் நடுவுல அவங்க கைதானே இருக்கும்.”

கொஞ்ச நேரத்தில் மகன் தூங்கிப்போனான். தலை ஆடத் தொடங்கி, தகப்பனின் தோளில் விடாமல் மோதியது. அவர் தோளை நகர்த்தவில்லை.

ஜெயங்கொண்டத்தில் நான் இறங்க வேண்டும். அவனை எழுப்பாமல் இறங்க வழியில்லை. அவர்கள் இறங்கிய வரதராஜன்பேட்டை வரை போனேன். திரும்பி வந்ததையும் சேர்த்து ஆறணா கூடுதல் செலவு.