கிரீன்லீயின் இரு பக்கங்களை இணைத்த ஒடெசா குவார்ல்ஸ் அம்மையாருக்கு

மனு எழுதி மாநகரின் முகத்தை மாற்றிய மாண்புடையீர்! ஆறு வழிச் சாலையால் அறுபட்ட ஊருக்கு அரசின் நிதியை அழைத்து வந்த அருந்திறலே! நகரத் திட்ட அலுவலகத்தை முப்பத்தோராண்டு தாங்கிய முதுபெருந்தூணே! ஒடெசா குவார்ல்ஸ் அம்மையீர், வணக்கம்!

இத்தனை அடைமொழிகளை அடுக்கியவள் உங்கள் பக்கத்து மேசை வெர்லீன் ட்ரெஸ்வான்ட். உங்கள் ஓய்வு விழாவில் வாசிக்க மடல் எழுத யார் என்று ஊழியர் கூட்டத்தில் கேட்டபோது எல்லோரும் காப்பிக் கோப்பைக்குள் குனிந்துகொள்ள, நிமிர்ந்திருந்த அவள் மாட்டிக்கொண்டாள். முதல் அடைமொழியை எழுதும்போதே அவளுக்கு வயிறு எரிந்தது. இருபத்தேழு ஆண்டுகளாக எரியும் வயிறு அது. அதை மறைத்துப் புகழ்ந்தால் உங்களுக்கே சிரிப்பு வரும் என்பதால், மறைக்காமலே எழுதியிருக்கிறாள். பொறுத்தருள்க!

விருந்தோம்பலின் விளக்கே! அலுவலக விருந்துக்கு ஆளுக்கொரு பண்டம் கொண்டுவரும் நாளில் உங்கள் பாலாடைக்கட்டி மக்ரோனி பத்தே நிமிடத்தில் வழித்து நக்கப்படும். வெர்லீனின் பீன்ஸ் தட்டு ஒரே ஒரு கரண்டிப் பள்ளத்தோடு வீடு திரும்பும். அந்த ஒரு கரண்டியை அள்ளியவரும் நீங்களே என்பது அவளுக்குத் தெரியும். அதனால் எரிச்சல் இரட்டிப்பானது. வாசல் காவலர் தினமும் அவளைப் பார்த்து, "ஒடெசா அம்மா வந்துட்டாங்களா?" என்பார். எதிரே நிற்கும் இவள் வந்துவிட்டாளா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

சாலை வருமுன் கிரீன்லீயின் வடக்கிலிருந்து தெற்குக்கு நான்கு நிமிட நடை. சாலை வந்தபின், சாலைக்கு அடியில் கடக்கும் கீழ்ப்பாலம் வரை போய்ச் சுற்றி வர நாற்பத்தொரு நிமிடம். நீங்கள் வடக்கில் குடியிருப்பவர், வெர்லீன் தெற்கில். இப்படிப் பிளந்து கிடக்கும் ஊர்களை மறுபடி இணைக்க வாஷிங்டன் நிதி தருகிறது என்ற அறிவிப்பு வந்ததும், நடைபாலம் கேட்டு நீங்கள் இருவரும் மனு எழுதினீர்கள். அதை அனுப்பும் பொறுப்பு வெர்லீனுடையது. கடைசி நேரம் மாலை ஐந்து மணி. நான்கு இருபதுக்கே அனுப்பிவிட்ட பெருமிதத்தில் அவள் அலுவலகம் முழுவதற்கும் டோனட் வாங்கிக் கொடுத்தாள். நம் கடிகாரத்துக்கு ஒரு மணி முன்னால் ஓடும் வாஷிங்டனில் அப்போது ஐந்து இருபது.

மறுநாள் மனு திரும்பி வந்தது. "யார் தாமதம் பண்ணது?" என்று இயக்குநர் ஹோல்ம்க்விஸ்ட் கேட்டார். வெர்லீன் வாயைத் திறக்குமுன் நீங்கள் எழுந்தீர்கள். "நான்தான் சார். கடைசிப் பக்கத்தத் திருத்திட்டே உக்காந்துட்டேன்."

தாழ்வாரத்தில் அவள் உங்கள் மேல் பாய்ந்தாள். "ஏன்டி பொய் சொன்ன? நான் உன்னக் கேட்டேனா?"

"அடுத்த மாசம் உனக்குப் பதவி உயர்வு வருது. எனக்கு இனிமே என்ன வரப்போகுது? போடி, டோனட் மிச்சம் இருந்தா கொண்டா."

பெருந்தகையே! அன்று அவள் நன்றி சொல்லவில்லை. நல்லவளாக இருக்கக் கிடைத்த ஒரு வாய்ப்பையும் நீங்களே முந்திக்கொண்டீர்கள் என்று ஆத்திரப்பட்டாள். பதவி உயர்வை வாங்கிக்கொண்டாள். கிரீன்லீ மக்கள் கூட்டத்தில், "உன்னால ஒரு வருசம் போச்சே!" என்று உங்களை ஏசினார்கள். நீங்கள் தலை குனிந்து நின்றீர்கள். வெர்லீன் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த ஆண்டு மறுபடி மனு எழுதும்போது, வெர்லீன் மேசையில் உட்கார்ந்து சாலையில் ஓடும் வண்டிகளைக் கணக்கெடுத்துக்கொண்டிருக்க, நீங்கள் செருப்பை மாற்றிக்கொண்டு, முடிதிருத்தும் தெரன் மாப்ரி ஐயாவோடு அந்த நாற்பத்தொரு நிமிடமும் சுற்றி நடந்தீர்கள். அவர் சொன்னதை மனுவின் முதல் வரியாக்கினீர்கள்: "இங்கருந்தே அந்தப் பக்கம் என் தங்கச்சி வீட்டு விளக்கு தெரியுதும்மா. நான் சுத்திப் போய்ச் சேர்றதுக்குள்ள அவ அணைச்சுட்டுப் படுத்துடுறா." நிதி வந்தது. அதே வார்த்தைகளை அவர் கடையில் பத்து ஆண்டுகளாகக் கேட்டவள் வெர்லீன். அவை மனுவில் வைக்கத் தக்கவை என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. இந்தப் பொறாமை மட்டும் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

பழைய பழியால் அந்த மனுவில் உங்கள் பெயர் போடப்படவில்லை. பிரிவுத் தலைவி வெர்லீனின் பெயரில் அது போனது. பாலத்துக்கான கல்வெட்டிலும் அவள் பெயரே வெட்டப்பட்டு வந்தது. அதைப் பார்த்தபோதும் அவளுக்குப் பொறாமைதான். தெரன் ஐயா அந்தக் கல்லருகே நின்றுகொண்டே, "ஒடெசா பாலம் எப்பத் தெறக்குறீங்க?" என்று அவளிடம் கேட்டார்.

ஆகவே, முன்வரிசையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, கிரீன்லீ மக்களே, கேளுங்கள்! அந்த இருபது நிமிடம் வெர்லீன் ட்ரெஸ்வான்டுடையது. ஒடெசா அம்மையாருடையது அல்ல. கல்வெட்டைத் திருப்பி அனுப்பி, ஒடெசா அம்மையார் பெயரைப் பொறிக்கச் சொல்லி இன்று காலை கடிதம் போய்விட்டது. கடைசி நேரத்துக்கு முன்பாகவே போய்ச் சேர்ந்ததா என்று அவள் இருமுறை தொலைபேசியில் கேட்டுவிட்டாள்.

அன்புடையீர்! முழங்கால் வலியின்றி, முகவாட்டமின்றி, நூறாண்டு கடந்தும் நடைபோடுக! இருபத்தேழு ஆண்டுகளாக நீங்கள் வீட்டுக்கு அழைக்கும்போதெல்லாம், "அவ்ளோ தூரம் சுத்திக்கிட்டு யாரு வர்றது?" என்று தட்டிக்கழித்தவள் வெர்லீன். அடுத்த மாதம் பாலம் திறக்கிறது. நான்கே நிமிடம். அவளிடம் சாக்கு தீர்ந்துவிட்டது. திறப்பு விழாவுக்கு அடுத்த ஞாயிறு பீன்ஸ் தட்டோடு வருகிறாள். இம்முறை ஒரு கரண்டியோடு நீங்கள் தப்ப முடியாது.

இங்ஙனம்,
நகரத் திட்ட அலுவலக ஊழியர்கள்.
அவர்களுக்குக் கீழே, ஆண்டுகள் பல தாமதமாக,
வெர்லீன் ட்ரெஸ்வான்ட்.