எதுவும் களவு போகவில்லை

ஊருக்குக் கிளம்பும்போது பேப்பர்காரரிடம் "ஒரு வாரம் போட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும். அவர்கள் தங்களைக் கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பேப்பர்காரர் அதைக் கடைக்காரரிடம் சொல்வார். கடைக்காரர் சிகரெட் வாங்க வருகிறவரிடம் சொல்வார். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். பேப்பர் வழக்கம்போல வந்து விழ வேண்டும். உள்ளேயிருந்து யாராவது அதை இழுத்து எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் ஆள் இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லை.

இதை நான் எங்கேயோ படித்துவிட்டுச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடமாகக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். திருட்டு நடந்த வீடுகளுக்குப் போய், என்ன போயிற்று, எப்படிப் போயிற்று என்று எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. பெரும்பாலும் விடுமுறை முடிந்து திரும்பியவர்களின் வீடுகள். மேஜை இழுப்பறைகள் எல்லாம் திறந்து கிடக்கும். அனுபவமுள்ள திருடன் கீழ் இழுப்பறையிலிருந்துதான் ஆரம்பிப்பான். மேலேயிருந்து திறந்தால் ஒவ்வொன்றையும் மூடிவிட்டு அடுத்ததைத் திறக்க வேண்டும், நேரம் வீண். வீட்டுக்காரி படிக்கட்டில் உட்கார்ந்து காலிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருப்பாள். யாராவது ஒரு சொந்தக்காரர் பக்கத்தில் நின்று, "போனா போகுது விடு, உயிருக்கு ஒண்ணும் ஆகலையே" என்பார். அந்த ஆறுதலில் எனக்கு என்றைக்குமே நம்பிக்கை இருந்ததில்லை.

நீங்கள் பொறுமையாகக் கேட்கிறீர்கள். நானும் வரிசையாகச் சொல்கிறேன். எழுதிக்கொள்ள உங்களுக்கும் வசதியாக இருக்கும்.

எங்கள் வீட்டில் நான்கு பேர். நான், பள்ளியில் கணக்கு நடத்தும் என் மனைவி, பத்து வயது மகள், என் அக்கா. அக்கா என்னைவிட ஒன்பது வயது பெரியவள். அம்மா போன பிறகு தையல் கடையில் மிஷின் மிதித்து என்னைப் படிக்க வைத்தவள் அவள்தான். இதை மறைக்க நான் விரும்பவில்லை. நீங்கள் விசாரித்தால் தெரு முழுக்கச் சொல்வார்கள். நான்கு வருடத்துக்கு முன் இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து எங்களோடுதான் இருந்தாள். கைப்பிடி வைத்த அலுமினிய வாக்கரைத் தள்ளிக்கொண்டு நடப்பாள்.

அக்காவிடம் ஒரே ஒரு குறை. மணி அடித்தால் கதவைத் திறந்துவிடுவாள். யார் என்று கேட்பதெல்லாம் திறந்த பிறகுதான். போன வருடம் நாங்கள் இரண்டு நாள் வெளியூர் போயிருந்தபோது, தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தேன் என்று எவனோ ஒருவன் வந்திருக்கிறான். உள்ளே கூப்பிட்டு, நாற்காலி போட்டு, டீ கொடுத்து, அவன் பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகிற கதையெல்லாம் கேட்டிருக்கிறாள். வெளியே மழை பெய்தது என்று என் புதுக் குடையையும் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அடுத்த வாரம் அவன் குடையைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தான். உண்மையிலேயே மீட்டர் பார்க்கிறவன்தான். நான் சொல்ல வருவது அதுவல்ல.

"யாரு எவருன்னு தெரியாம உள்ள விடலாமா அக்கா?" என்று கேட்டேன்.

"உள்ள விட்டாத்தானடா யாரு எவருன்னு தெரியும்?" என்றாள்.

என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

இந்த முறை ஒன்பது நாள் பயணம். மலையில் ஏரிக்கரையோரம் ஒரு விடுதி. அக்காவால் அவ்வளவு தூரம் உட்கார்ந்து வர முடியாது. துணைக்கு ஓர் ஆளை வைக்கலாம் என்றாள் மனைவி. ஆள் வைத்தால் அந்த ஆளின் கையில் ஒரு சாவி. அந்தச் சாவிக்கு எங்கே எத்தனை நகல் போடுவார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே, பக்கத்து வீட்டு அம்மா காலையும் மாலையும் வந்து பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டார், சாவியும் கொடுத்துவிட்டேன் என்று மனைவியிடம் சொன்னேன். அந்த அம்மாவிடம் நான் பேசவே இல்லை. இதை முதலில் பதிவு செய்துகொள்ளுங்கள். என் மனைவிக்கு இதில் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

கிளம்புவதற்கு முந்தைய இரண்டு நாளும் வீட்டைத் தயார் செய்தேன். தெருப்பக்க ஜன்னல்களை உள்ளேயிருந்து திருகாணி போட்டு முடுக்கினேன். கம்பிக் கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கினேன். ஹாலில் ரேடியோவை வைத்து, காலையில் இரண்டு மணி நேரமும் மாலையில் மூன்று மணி நேரமும் தானாகப் பாடும்படி டைமர் பொருத்தினேன். வீட்டில் இருந்த சாமான்களைப் படம் எடுத்து, அறைவாரியாகப் பட்டியல் போட்டேன். நாற்பத்திரண்டு உருப்படி. நகை எதுவும் இல்லை, அது வங்கியில் இருக்கிறது. டிவி, கேமரா, இரண்டு லேப்டாப், நாணய ஆல்பம், மிக்சி, இப்படி. அக்காவுக்குப் பத்து நாளைக்கு ரொட்டி, பிஸ்கட், பழம், பால் பவுடர், மாத்திரை எல்லாம் வாங்கி சமையலறையில் அடுக்கினேன். கை நிறையத்தான் வாங்கி வைத்தேன். பட்டினி போட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

அவள் போனை ரிப்பேர் கடையில் கொடுத்திருப்பதாகச் சொன்னேன். உண்மையில் அது என் அலுவலக மேஜையில் இருந்தது. போன் இருந்தால், "இவங்கல்லாம் ஊருக்குப் போயிருக்காங்க, நான் மட்டும் தனியாத்தான் இருக்கேன்" என்று நாற்பது பேரிடம் சொல்லியிருப்பாள். சாவியும் கொடுக்கவில்லை.

"சாவி இருந்தா நீ திறந்துடுவ" என்றேன்.

"திறக்கத்தானடா கதவு வச்சிருக்கு" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி சரி, மூஞ்சியத் தூக்காத. அப்படியே என்னையும் ஒரு அலமாரியில வச்சுப் பூட்டிட்டுப் போயிடு. திரும்பி வந்து தூசி தட்டி எடுத்துக்கலாம்" என்றாள்.

அதற்கு நானும் சிரித்தேன். அவள் என்னைச் சின்னு என்று கூப்பிடுவாள். அப்படிக் கூப்பிட வேறு யாரும் உயிரோடு இல்லை. "சின்னு, புள்ளைய தண்ணி பக்கம் விடாத, பத்திரமா போயிட்டு வா" என்று கம்பிக்கு உள்ளேயிருந்து சொன்னாள். மரக்கதவைச் சாத்தியே வை, காலையில் பேப்பரை உள்ளே இழுக்க மட்டும் திற என்று சொல்லிவிட்டு, நான் வெளியிலிருந்து பூட்டினேன். இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன்.

டாக்ஸியில் பெட்டிகளை ஏற்றும்போது பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

"அக்காவும் வர்றாங்களா சார்?"

"அவங்க நேத்தே கிளம்பிட்டாங்க, சொந்தக்காரங்க வீட்டுக்கு" என்றேன். மனைவி அப்போது வண்டிக்குள் இருந்தாள். ரேடியோ விஷயத்தையும் அவரிடம் சொன்னேன். "உள்ள சத்தம் கேட்டா பயந்துடாதீங்க. ஆள் இருக்கிற மாதிரி இருக்கட்டும்னு வச்சிருக்கேன்."

"பலே ஆளு சார் நீங்க" என்றார் அவர்.

அக்கா தனியாக இருக்கிறாள் என்று தெரிந்தால் அவர் மனைவி, நான் சொன்ன அந்தப் பக்கத்து வீட்டு அம்மா, சாப்பாட்டுக் கிண்ணத்தோடு வந்து நிற்பார். பூட்டிய கம்பி வழியாக இரண்டு பேரும் மணிக்கணக்கில் பேசுவார்கள். போகிறவன் வருகிறவன் எல்லாம் கேட்பான். அதனால்தான் அந்தப் பொய்.

விடுதி நன்றாக இருந்தது. மகள் முதல் முறையாகப் படகில் ஏறினாள். "அக்கா எப்படி இருக்காங்கன்னு கேட்டீங்களா?" என்று தினமும் மனைவி கேட்பாள். நான் வராந்தாவுக்குப் போய்ச் சிறிது நேரம் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டு வருவேன். "நல்லா இருக்காங்களாம். உன்னக் கேட்டாங்களாம்."

ஆறாவது நாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது டிரைவிங் ஸ்கூல்காரர் கூப்பிட்டார். எழுந்து வெளியே வந்தேன்.

"சார், உங்க வீட்டுக்குள்ள யாரோ தட்டுற மாதிரி இருக்கு. காலையிலேர்ந்து கேக்குது."

"ரேடியோ" என்றேன்.

"ரேடியோ சுவத்தத் தட்டுமா சார்? பாத்ரூம் பக்கமா கேக்குது. அப்புறம் உங்க வாசல்ல ரெண்டு பேப்பர் அப்படியே கிடக்கு."

முதல் நான்கு நாள் பேப்பரை உள்ளே இழுத்திருக்கிறாள். ஐந்தாம் நாள் பேப்பரும் ஆறாம் நாள் பேப்பரும் கிடக்கின்றன. எனக்குக் கணக்கு உடனே புரிந்துவிட்டது. என் வேலையே அதுதான்.

"அந்தப் பேப்பர எடுத்து வச்சிடுங்க. வாசல்ல கிடந்தா ஆள் இல்லன்னு தெரிஞ்சிடும்" என்றேன்.

"எடுத்துட்டேன் சார். ஆனா யாரோ கூப்பிடற மாதிரியும் இருக்கு. சின்னு, சின்னுங்குது."

"நாடகம் ஏதாவது ஓடும்."

"நீங்களே கேளுங்களேன்" என்று அவர் போனைச் சுவரில் வைத்தார்.

கேட்டேன். மூன்று தட்டு, சிறிது இடைவெளி, மறுபடி மூன்று தட்டு. உலோகம் டைல்ஸில் படுகிற சத்தம். பிறகு அவள் குரல். தொண்டை காய்ந்திருந்தது. ஆனாலும் அவள் குரல் எனக்குத் தெரியாதா? நாற்பத்தைந்து வருடமாகக் கேட்கிற குரல். சந்தேகம் என்று நான் இங்கே ஒரு வார்த்தை சொன்னால் அது பொய்யாகிவிடும். எனக்குச் சந்தேகமே இல்லை.

"என் ஸ்கூல் பசங்க ரெண்டு பேரு இங்கதான் இருக்காங்க. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, கதவை உடைச்சுப் பாத்துடறோம்" என்றார் அவர்.

அந்த இடத்தில் நான் எவ்வளவு நேரம் யோசித்தேன் என்று நீங்கள் கேட்டீர்கள். அரை நிமிடம் இருக்கலாம். பூட்டை உடைத்தால் கம்பிக் கதவும் போகும், மரக்கதவும் போகும். நாங்கள் வந்து சேர ஒரு முழு நாள் ஆகும். அதுவரை வீடு திறந்து கிடக்கும். அக்காவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஓடிவிடுவார்கள். முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒவ்வோர் அறையாக நடந்திருப்பார்கள். வீட்டுக்காரனே ஆள் விட்டு உடைத்த கதவு வழியாகப் பொருள் போனால் காப்பீட்டில் ஒரு பைசா வராது. அந்த விதியைக் காட்டி எத்தனையோ பேருடைய மனுவை நானே தள்ளியிருக்கிறேன். நமக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயம் என்று வைத்துக்கொள்ள முடியாது அல்லவா?

"வேண்டாம். ரேடியோதான். ஏதோ கோளாறு. கதவுல கை வச்சிடாதீங்க" என்றேன்.

"சரி சார். உங்க வீடு" என்றார்.

உள்ளே வந்ததும், யார் என்று மனைவி கேட்டாள். ஆஃபீஸ் என்றேன். மகள் சாயங்காலம் மறுபடி படகு வேண்டும் என்றாள். கூட்டிக்கொண்டு போனேன். அக்கா சொன்னபடி, கையை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

ஏழாவது நாளும் தட்டுகிறது என்று அவர் கூப்பிட்டுச் சொன்னார். எட்டாவது நாள் காலையில், "சத்தம் நின்னுடுச்சு சார்" என்றார்.

"நல்லது" என்றேன். என் வாயிலிருந்து வந்தது அந்த வார்த்தைதான். அதை மாற்றிச் சொல்ல நான் விரும்பவில்லை.

திரும்பி வந்த அன்று மனைவியையும் மகளையும் மாமியார் வீட்டில் இறக்கிவிட்டு, நான் மட்டும் வந்தேன். பூட்டு அப்படியே இருந்தது. மரக்கதவைத் திறந்ததும் வாடை வந்தது. மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, பட்டியலை எடுத்தேன். ஹால், படுக்கையறை, மகளின் அறை, சமையலறை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறி போட்டேன். ரொட்டி பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. பட்டியலில் கடைசி அறை குளியலறை. அங்கே ஓர் உருப்படிதான், தண்ணீர் சுட வைக்கிற ஹீட்டர். அதுவும் இருந்தது.

அக்கா சுவரோரமாகப் படுத்திருந்தாள். வாக்கரின் கால் ஒன்றைக் கையில் பிடித்திருந்தாள். அதைக்கொண்டு அடித்து அடித்து, பக்கத்து வீட்டுப் பக்கமிருந்த சுவரில் ஏழெட்டு டைல்ஸ் உடைந்திருந்தன. குழாய் அவள் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. எட்டியிருந்தால் இன்னும் இரண்டு நாள் தாங்கியிருப்பாள் என்றார் டாக்டர். ஆறாம் நாள் மதியம் கதவை உடைத்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றும் சொன்னார். அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. படித்தவர், தெரியாமல் சொல்ல மாட்டார்.

திட்டம் போட்டுக் கொன்றாயா என்று கேட்கிறீர்கள். இல்லை. அவள் பெயரில் சொத்து கிடையாது. அவள் மேல் எனக்குக் கோபமும் கிடையாது. விழுவாள் என்று எனக்குத் தெரியாது. விழுந்துவிட்டாள் என்பது தெரியும். அவள் கூப்பிடுவதைக் காதால் கேட்டேன். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பதும் தெரியும். சொல்லவில்லை. தெரிந்துதான் சொல்லவில்லை. இப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

என் மனைவி நேற்று இங்கே வந்தாள். மகளை அழைத்து வரவில்லை. இனிமேலும் அழைத்து வர மாட்டாள் போலிருக்கிறது. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினாள். "ஒரு திருடன் வந்திருந்தா அக்கா பொழச்சிருப்பாங்க" என்றாள். சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டாள்.

அவள் ஆத்திரத்தில் பேசுகிறாள். நிதானம் வந்தால் புரிந்துகொள்வாள். அக்காவைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு அவளுக்குத் தெரியாது. நான் அந்தக் குளியலறையில் விழுந்து கிடந்து, அக்கா அந்த ஏரிக்கரையில் போனோடு நின்றிருந்தால், அவள் அரை நிமிடம்கூட யோசித்திருக்க மாட்டாள். கதவையும் உடைக்கச் சொல்லியிருப்பாள், சுவரையும் இடிக்கச் சொல்லியிருப்பாள். பாவம், ஒரு பொருளின் அருமை அவளுக்குக் கடைசிவரை தெரியவே இல்லை.