குறைத்து எழுதாத வருமானம்

முல்லைத்தீவு போகும் பஸ்ஸில், முள்ளியவளையில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன்னால் இருந்தார்கள்.

“என்ர மனுசன் நல்ல உழைப்பாளி, அக்கா. வருமானத்தைக் குறைச்சு எழுத எனக்கு மனம் வரேல்ல.”

“மகளின்ர கம்பஸ் உதவிப்பணத்துக்குப் போட்ட விண்ணப்பத்திலயோ?”

“ஓம். தகப்பன்ர தொழில் கமம் எண்டு எழுதி, ஆள் இருந்தா வயலில ஒரு போகத்துக்கு என்ன எடுப்பாரோ அதைப் போட்டனான். வருமானம் கூடவாம். இல்லையெண்டுட்டாங்கள்.”

“கடைசி யுத்தத்தில காணாமப் போனவருக்கு ஏனடி வருமானம் போட்டனி?”

“அப்ப, செத்தவர் எண்டு எழுதவோ?”

மூத்தவர் அவர் பக்கம் திரும்பினார்.

“இனி என்ன செய்யப் போறாய்?”

“மரணப் பத்திரம் குடுத்தா திருப்பிப் பாப்பினமாம். அவளின்ர அறை வாடகையும் சாப்பாடும் என்ர கூலியில கட்டேலாது. அதுதான் பத்திரத்துக்கு எழுதிக் குடுக்கக் கச்சேரிக் கந்தோருக்குப் போறன்.”

“மகளுக்குத் தெரியுமோ?”

“இல்லை. அவளுக்கு உடுப்பு வாங்கப் போறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்.”

“கச்சேரியடி இறக்கம்!” என்று கண்டக்டர் கத்தினார். மூத்தவர் எழுந்து வழிவிட்டார். மற்றவர் எழாமல் முன்கம்பியைப் பிடித்தபடியே இருந்தார். பஸ் வெளிக்கிட்டது.