கஞ்சி போட்ட சட்டையும் ஈயா சிக்கிராவோட ஆடும்

நில்லு அகான்பி. எங்க போற? ஒரு கை இல்லாத சட்டையத் தூக்கிக் காட்டி, இவ காய்ச்சின கஞ்சியாலதான் ஆடு தின்னுச்சுன்னு முத்தம் பூரா கத்திட்டு, அப்படியே ரூமுக்குள்ள போய்ப் படுத்துக்கலாம்னு பாக்கறியா? நான் பேசி முடிக்கிற வரைக்கும் நில்லு. சட்டம் படிக்கிறவன்தானே நீ, நிக்கறதுக்குப் பழகிக்க.

ஈயா சிக்கிரா, நீங்க உக்காருங்கம்மா. வீடு உங்களுது, பஞ்சாயத்து பண்றதும் நீங்க. ஆடும் உங்களுதுதான், ஆனா அத நான் இப்ப பேசல. சோப்பும் கஞ்சியும் காய்ச்சற என் பானை இந்த முத்தத்துல இருக்கலாமா, தூக்கி வெளிய வைக்கணுமான்னு நீங்க சொல்றதுக்கு முன்னாடி என்னையும் கொஞ்சம் கேளுங்க.

என்ன முணுமுணுக்கற? சத்தமா சொல்லு. கஞ்சப் பிசினாறியா? சரி, வச்சுக்க. சோப்புப் பாக்கெட்டு மாசா மாசம் இளைச்சுக்கிட்டே போகுது, விலை மட்டும் நல்லா சாப்பிட்டுக் கொழுக்குது. கடைசி வருஷம் எனக்கு. லேபுக்குக் கட்டறதா, நுரைக்குக் கட்டறதா? வாழைக்காய் வறுத்து விக்கிற அக்கா தூக்கிப் போடற தோலக் கேட்டு வாங்கிட்டு வர்றேன். காய வச்சு, எரிச்சு, சாம்பல ஓட்டை டப்பாவுல போட்டுத் தண்ணி ஊத்தி, சொட்டுச் சொட்டா இறங்கறதப் பிடிச்சு, பனங்கொட்டை எண்ணெயில சோப்பு காய்ச்சறேன். கறுப்பா இருக்கும், ஆமா. நாத்தமா? காய்ச்சும்போது அடிக்கும்தான். உன் கால் சாக்ஸ் பக்கத்துல வச்சுப் பாத்தா இது அத்தர். யேவாண்டே, நீ சிரிக்காத, உன் பெட்ஷீட்டும் இதுலதான் வெளுத்துச்சு. இந்தப் பானை போச்சுன்னா நானும் பெட்டியக் கட்ட வேண்டியதுதான். அது தெரிஞ்சுதான பேசற நீ?

கஞ்சிக்கு வர்றேன், இரு. அவசரப்படாத.

கடையில டப்பாவுல அடைச்சு, உஸ்ஸுன்னு அடிக்கிற கஞ்சி வாங்கிட்டு இருந்தவன்தானே நீ? போன வருஷம் அது காலியானதும் யார் கதவத் தட்டின? அபோசெடே, அபோசெடே, திங்கட்கிழமை கோர்ட்டு மாதிரி நாடகம் போட்டு வாதாடச் சொல்றாங்க, காலர் நிக்கணும், காப்பாத்துன்னு நின்ன. மரவள்ளியத் துருவி, ஊற வச்சு, பிழிஞ்சு, அடியில தங்கற மாவ எடுத்து, வெந்நி ஊத்திக் கிண்டி, இஸ்திரி ஒட்டாம இருக்க மெழுகுவத்தியச் சீவிப் போட்டு, கட்டி இல்லாம வடிகட்டிக் குடுத்தேன். அன்னிக்கு உன் வாத்தியார் என்ன சொன்னாரு? கேஸ் தோத்துட்ட, ஆனா சட்டை ஜெயிச்சிருச்சுன்னாரு. நீயே வந்து சொன்னதுதான், நான் இட்டுக்கட்டல.

கஞ்சி போட்ட துணிய ரூமுக்குள்ள காயப் போடுன்னு சொன்னேனா இல்லையா? சொன்னேன். காத்து வராதுன்ன. ஜன்னலத் தொறன்னேன். ஜன்னல் பக்கம் புத்தகம் இருக்குன்ன. அந்தப் புத்தகத்த நீ தொறந்து நாங்க யாரும் பாத்ததில்ல, ஜன்னலையாவது தொறந்திருக்கலாம். கடைசியில எங்க கொண்டு போய் மாட்டின? பப்பாளி மரத்துக்கும் தண்ணித் தொட்டிக்கும் நடுவுல, இடுப்பு உயரத்துல, ஆடு கட்டற முளைக்கு மேல. அந்த ஆடு பொறந்ததுலேருந்து என்ன திங்குது? மரவள்ளித் தோல். நீ தோலுக்குக் காலரும் பொத்தானும் வச்சு, வெள்ளையா, மொடமொடன்னு அது மூக்குக்கு நேரா தொங்க விட்டிருக்க. பாவம், அதுவும் எவ்வளவு நேரம்தான் நல்ல புள்ளையா இருக்கும்? ஒரு கையோட நிறுத்திக்கிச்சு பாரு, உன்னவிட அதுக்கு நிதானம் ஜாஸ்தி.

இல்ல, ஈயா, நான் ஆட்டைக் குத்தம் சொல்லல. ஆடு தங்கமான ஆடு.

கடைக் கஞ்சியா இருந்தா ஆடு கிட்ட வந்திருக்காதா? வந்திருக்காது. அத அடிச்சுட்டு நீ கிட்ட வந்தாலே எங்களுக்குத் தும்மல் வரும், ஆடு எப்படி வரும்? அப்ப அதையே வாங்கிப் போட்டுக்க வேண்டியதுதான. யார் வேண்டாம்னா? பானைய எதுக்குத் தூக்கச் சொல்ற? ஆடு தின்னதப் பாத்து முத்தமே சிரிச்சுருச்சு, சிரிச்சதுல முதல் ஆளு நானு, அது உனக்குச் சுருக்குன்னு ஆகிப் போச்சு. அதான விஷயம்? இல்லையா? சரி, இல்லைன்னே வச்சுக்குவோம்.

என்னது, என் சாம்பல் சோப்பு துணிய அரிக்குதா? இது புதுசா இருக்கே. இவ்வளவு நேரம் ஆடுன்ன, இப்ப சாம்பல்ங்கற. அரிக்குதுன்னா எந்தச் சட்டைய அரிச்சுது, காட்டு. காட்ட முடியாதுல்ல? ஏன்னா உன் சட்டையில என் சோப்புக்கு வேலையே இருக்கறதில்ல.

முழிக்காத. நான் வாயத் தொறக்க வேணாம்னுதான் இருந்தேன்.

சனிக்கிழமை காலையில துணி ஊற வைக்கிற என் பேசினுக்குப் பக்கத்துலதான உன் பேசினையும் வைக்கிற. யேவாண்டே பாவாடை ஊறின தண்ணி சேறு மாதிரி இருக்கும். என் தண்ணி அதுக்குக் கொஞ்சம் தேவலாம். உன் தண்ணி? குடிக்கலாம். மழை பிடிச்சதுலேருந்து பாக்கறேன், உன் சட்டையில அழுக்கும் இல்ல, வேர்வையும் இல்ல, காலர் உள்பக்கம் கோடு கூட இல்ல. தண்ணியில முக்கறதுக்கு முன்னாடியே எலுமிச்சம்பழ வாசனை அடிக்குது. கடையில விக்கிற சோப்புப் பவுடர் வாசனை. முதுகுல இஸ்திரி மடிப்பு அப்படியே இருக்கு, முன்னாடி மட்டும் கையால கசக்கினது தெரியுது. இந்தச் சட்டையும் அப்படித்தான் வந்துச்சு. வெள்ளிக்கிழமை, காத்து வராதுன்ன அதே ரூமுக்குள்ளயே துவைச்சு, காய வச்சு, இஸ்திரி போட்டு, அத அழுக்கு மாதிரி சுருட்டி எடுத்துட்டு வந்து, எனக்குப் பக்கத்துல வாளியக் கவுத்துப் போட்டு உக்காந்து, மத்தியானம் வரைக்கும் தேய்ச்சுக்கிட்டே பேசிட்டுப் போற.

எதுக்கு இப்ப தலையக் குனியற? நிமிந்து பாரு. நானும் மழை பிடிச்சதுலேருந்து ஒண்ணும் சொல்லாம தள்ளி உக்காந்து இடம் விட்டுட்டுத்தான இருக்கேன், அத ஏன்னு யாராவது கேட்டா நான் சொல்லிக்கறேன். முதல்ல நீ.

ஈயா, ஒரு நிமிஷம் தீர்ப்பு சொல்லாதீங்க. அந்த ரேடியோவக் கொஞ்சம் குறைங்க.

அகான்பி, அப்புறமா வந்து ரகசியமா சொல்றேன்ங்கறதெல்லாம் நடக்காது. எல்லாரையும் கூட்டினது நீதான. இந்த முத்தத்துல நின்னு, இத்தனை பேருக்கும் காதுல விழற மாதிரி சொல்லு. துவைச்ச சட்டைய எதுக்குடா வாரா வாரம் என் பக்கத்துல வந்து உக்காந்து துவைக்கிற?